ஆதி பூமியின் காற்றில் இருந்தது மீத்தேனா, கரியமில வாயுவா?

குரோம்பேட்டையில் பிளஸ் டூ உயிரியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "பரிணாமப் பாடத்தில் மில்லர் சோதனை வரும்போது, ஆதி வளிமண்டலத்தில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இருந்தன என்று சொல்லிக்கொடுக்கிறோம். புவியியல் புத்தகத்தைத் திறந்தால் கரியமில வாயு, நைட்ரஜன், நீராவி என்று போட்டிருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் காட்டி எது சரி என்கிறார்கள். எதைச் சொல்வது? அந்தக் காலத்துக் காற்றைப் பற்றி எப்படித் தெரியும்? சென்னையிலேயே கூட்டிப்போய்க் காட்ட ஏதாவது உண்டா?"

டீச்சர், உங்கள் பிள்ளைகள் பிடித்திருப்பது உண்மையான முரண்பாடு. அதை மழுப்பாமல் வகுப்பிலேயே பேசிவிடுவது நல்லது.

முதலில் நேரடியான பதில். இன்றைக்கு உள்ள ஆதாரங்களின்படி புவியியல் புத்தகம்தான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. உயிர் தோன்றிய காலத்தை ஒட்டிக் காற்றில் பெரும்பங்கு வகித்தவை நைட்ரஜனும் கரியமில வாயுவும். கூடவே நீராவி, கொஞ்சம் ஹைட்ரஜன், கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லிவிடலாம். மில்லரின் குடுவையில் (வாயுக் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலம் உண்டாக்கிய 1953 சோதனை அது) இருந்தது 1950களில் பலரும் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு கருதுகோள். அது பின்னால் வலுவிழந்தது.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி பதில்தான். பூமி உருவாகி 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. காற்றில் ஆக்சிஜன் நிலையாகச் சேர ஆரம்பித்தது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நடுவில் 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. அவ்வளவு காலமும் காற்று ஒரே கலவையாக இருக்கவில்லை. அதனால் என்ன இருந்தது என்று யார் கேட்டாலும், எந்தக் காலத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான முதல் படி. பாடப் புத்தகங்களில் விட்டுப்போவது இதுதான் என்பது என் கருத்து.

மிக முதல் காற்று, சூரியனைச் சுற்றியிருந்த வாயு வட்டிலிருந்து பூமி இழுத்துக்கொண்ட ஹைட்ரஜனும் ஹீலியமும். அது தங்கவில்லை. இதற்குச் சாட்சி சொல்வது நியான். சூரியனில் நைட்ரஜனும் நியானும் ஏறக்குறைய சம அளவில் இருக்கின்றன. நியான் எதனோடும் வினைபுரியாது. பாறைக்குள் ஒளிந்துகொள்ளவும் செய்யாது. நம் காற்று அந்த வட்டின் மிச்சம் என்றால் இன்றைக்கு நைட்ரஜன் இருக்கும் அளவுக்கு நியானும் இருக்க வேண்டும். இருப்பதோ பத்து லட்சத்தில் 18 பங்கு. ஆக, முதல் காற்று முழுக்கப் போய்விட்டது. இப்போது நாம் சுவாசிப்பதன் மூலப்பொருள் பிறகு பூமிக்குள்ளிருந்தும் விண்கற்கள் வழியாகவும் வந்தது. ஹாரிசன் பிரவுன் என்ற வேதியியலாளர் 1949இல் இந்த வாதத்தைத் தெளிவாக எடுத்துவைத்தார். இரண்டே ஆண்டில், 1951இல், வில்லியம் ரூபி என்ற நிலவியலாளர் கடல்நீரும் காற்றும் எரிமலைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தவை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மில்லர் சோதனைக்கு இரண்டு ஆண்டு முன்பே இது அச்சில் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது பாறைக்குழம்புக் காலம். செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் பூமியில் மோதி நிலா பிறந்தது என்று படித்திருப்பார்கள். அந்த மோதலுக்குப் பின் பூமியின் மேல்பகுதி உருகிக் கடலாகக் கிடந்தது. கோலி சோடாவைத் திறந்ததும் வாயு பொங்கி வருவதுபோல, அந்தக் குழம்பில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் வெளியே வந்தன. இன்றைய கடல் முழுவதும் ஆவியாகி மேலே நின்றால் தரையில் காற்றழுத்தம் இப்போதையதைப் போல் சுமார் 270 மடங்கு ஆகும். அந்த மாதிரியான கனத்த நீராவிப் போர்வை. பூமி ஆற ஆற அது மழையாகப் பெய்து கடலாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டு வயதுடையது. அந்த மணிகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) பார்த்தால், அவ்வளவு சீக்கிரமே தரையில் திரவ நீர் இருந்ததற்கான அடையாளம் தெரிகிறது.

கடல் வந்ததும் கரியமில வாயுவுக்கு ஒரு வடிகால் கிடைத்தது. தண்ணீரில் கரைந்து, பாறையிலிருந்து வரும் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிந்துவிடும். வெள்ளிக் கோளில் கடல் இல்லை. அதனால் அங்கே இன்றும் காற்றில் 96.5 சதவீதம் கரியமில வாயு, அழுத்தம் நம்மைவிட 92 மடங்கு. பூமியிலும் ஒப்பிடத்தக்க அளவு கார்பன் உண்டு. ஆனால் அது கல்லுக்குள் கிடக்கிறது. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் சுடும் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலக் கடலில் படிந்தது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு கல்லுக்குள் எவ்வளவு காற்று அடைபட்டுக் கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கணக்கு இல்லை. வேதியியல் பாடத்தோடும் ஒட்டிவரும்.

சரி, மீத்தேனும் அம்மோனியாவும் எங்கிருந்து வந்தன?

ரஷ்யாவில் ஓபாரின் 1924இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929இலும், ஆக்சிஜன் இல்லாத காற்றில்தான் உயிருக்கு முந்தைய சேர்மங்கள் உருவாகியிருக்க முடியும் என்று எழுதினார்கள். (ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்டார், 1964இல் புவனேஸ்வரில் இறந்தார்.) இருவரையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். ஆனால் ஹால்டேன் மனதில் இருந்த காற்றில் கரியமில வாயு நிறைய இருந்தது, கூட அம்மோனியா. மீத்தேனை முன்னுக்குக் கொண்டுவந்தவர் ஓபாரின். அதை வலுவாக வாதாடி நிலைநிறுத்தியவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரி. வியாழனிலும் சனியிலும் மீத்தேனும் அம்மோனியாவும் இருப்பது அப்போது தெரிந்திருந்தது. பேரண்டத்தில் ஹைட்ரஜன்தான் அதிகம். பூமி குளிர்ந்த தூசியிலிருந்து மெதுவாகச் சேர்ந்தது, அதனுள் உலோக இரும்பு நெடுங்காலம் கலந்தே கிடந்தது என்று யூரி கருதினார். உலோக இரும்போடு உரசி வரும் வாயுக்களில் கார்பன் மீத்தேனாகத்தான் இருக்கும், நைட்ரஜன் அம்மோனியாவாகத்தான் இருக்கும். அந்த எடுகோளை ஒப்புக்கொண்டால் முடிவு முழுக்கச் சரி.

யூரியின் மாணவர் ஸ்டான்லி மில்லருக்குச் சோதனை செய்தபோது வயது 22. கீழே ஒரு குடுவையில் தண்ணீர் கொதிக்கும். ஆவி மேலே ஐந்து லிட்டர் குடுவைக்குப் போகும். அங்கே மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நடுவே மின்பொறி. பிறகு குளிர்ந்து மறுபடி கீழே. ஒரு வாரம் ஓடவிட்டார். முதல் நாள் முடிந்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் அடர்சிவப்பாகி கலங்கியிருந்தது. தாள் வண்ணப்படிவுப் பிரிகையில் கிளைசினும் அலனினும் தெளிவாகத் தெரிந்தன. 1953 மே மாதம் வெளியான அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். சாதாரண வாயுக்களிலிருந்து, உயிரின் துணை இல்லாமல், அமினோ அமிலம் உருவாகும் என்று சோதனையில் காட்டிய பெருமை அதற்கு என்றும் உண்டு. அந்தப் பெருமையைக் குறைக்காமல், அது பூமியின் காற்றுக்கான நிரூபணம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மில்லர் காட்டியது, இந்தக் கலவை இருந்தால் இது கிடைக்கும் என்பதை. இந்தக் கலவை இருந்ததா என்பது பாறையிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பாறை சொன்ன பதில் வேறாக இருந்தது.

பூமியின் இரும்பில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே, சில கோடி ஆண்டுகளுக்குள், உருகி மையத்துக்கு இறங்கிவிட்டது. மேலே மேன்டிலில் (மையத்துக்கும் மேலோட்டுக்கும் நடுவே உள்ள பாறைப் பகுதி) உலோக இரும்பு மிஞ்சவில்லை. உலோக இரும்பு இல்லாத பாறைக்குழம்பிலிருந்து வரும் வாயுவில் கார்பன் கரியமில வாயுவாக வரும், நைட்ரஜன் நைட்ரஜனாகவே வரும், ஹைட்ரஜன் பெரும்பாலும் நீராவியாக வரும். இன்றைய எரிமலைகள் கக்குவதும் இதைத்தான். ஹாலந்து என்ற புவிவேதியியலாளர் 1962இலேயே இதைக் கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார்: இரும்பு இறங்குவதற்கு முன் ஒரு காற்று, இறங்கிய பின் இன்னொரு காற்று. கேள்வி எல்லாம், அந்த இரண்டாவது கட்டம் எப்போது தொடங்கியது என்பதில்தான்.

இதற்குப் பதில் சொன்னதும் அதே சிர்கான் மணிகள்தான். மணி என்றால் மணல் துகள் அளவு. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அதற்குள் சீரியம் என்ற தனிமம் மிகச் சிறிதளவு இருக்கும். சீரியத்துக்கு இரண்டு மின்சுமை நிலைகள் உண்டு: மூன்று, நான்கு. நான்கு உள்ள சீரியம் சிர்கான் படிகத்தில் சிர்கோனியத்தின் இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். மூன்று உள்ளது அவ்வளவாக உள்ளே நுழையாது. பாறைக்குழம்பு எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்ததோ அவ்வளவு சீரியம் படிகத்துக்குள் போகும். டிரெய்ல், வாட்சன், டெய்ல்பி என்ற மூவர் இதை ஆய்வகத்தில் அளவிட்டு, 400 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட சிர்கான் மணிகளில் பொருத்திப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்துக் குழம்பின் நிலை இன்றைய எரிமலைக் குழம்பின் நிலையை ஒட்டியே இருந்தது. அப்படியென்றால் பூமி பிறந்து 20 கோடி ஆண்டுக்குள்ளேயே எரிமலைகள் மீத்தேனையும் அம்மோனியாவையும் முக்கிய வாயுக்களாகக் கக்குவதை நிறுத்திவிட்டன. என்னைக் கேட்டால், இந்த விவாதத்தில் மிக அழகான வேலை இதுதான். காற்று காணாமல்போய் 400 கோடி ஆண்டு ஆன பிறகு, ஒரு மணல் துகளில் ஒரு தனிமத்தின் அளவை வைத்து எரிமலை வாயுவைக் கண்டுபிடிப்பது சாதாரண விஷயம் இல்லை.

அம்மோனியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசோன் படலம் இல்லாத காலத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் நேராகத் தாக்கும். அம்மோனியா உடைந்து நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துவிடும். குன், ஆத்ரேயா என்ற இருவர் 1979இல் போட்ட கணக்குப்படி சில பத்தாண்டுகளே தாங்கும். யாரோ இடைவிடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தாலொழிய அம்மோனியாக் காற்று நிலைக்காது.

அப்புறம் மில்லர் சோதனையை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தூக்கிப்போட வேண்டியதில்லை. பின்னாளில் மில்லரே கரியமில வாயு, நைட்ரஜன் கலவையில் சோதித்துப் பார்த்தார்; ஹைட்ரஜன் குறையக் குறைய அமினோ அமில விளைச்சல் படுத்துவிட்டது. ஆனால் 2008இல் ஒரு குழு, அந்தக் கலவையில் உருவாகும் நைட்ரைட்டுதான் அமினோ அமிலத்தைக் கெடுக்கிறது என்று கண்டு, அமிலத்தன்மையையும் ஆக்சிஜனேற்றத்தையும் கட்டுப்படுத்தியபோது விளைச்சல் நன்றாகவே கூடியது. தவிர, இரும்பு நிறைந்த பெரிய விண்கல் கடலில் விழுந்தால், சூடான இரும்பு நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை விடுவிக்கும்; அது கரியமில வாயுவோடு சேர்ந்து மீத்தேன் ஆகும். ஆக, மில்லர் குடுவையை ஒத்த காற்று பெரிய மோதல்களுக்குப் பிறகு பூமியில் தற்காலிகமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உயிர் அப்படியொரு இடைவேளையில்தான் தொடங்கியது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் கவனமாகத்தான் பார்க்கிறேன், ஒதுக்கிவிட முடியாது.

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார், 1948இல். பிறகு லண்டனுக்குப் போய் வேதியியல், அங்கிருந்து அமெரிக்கா, நாசா. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விண்கல் விழுந்தது. அடுத்த ஆண்டே அவரும் கூட்டாளிகளும் அதற்குள் அமினோ அமிலங்கள் இருப்பதையும், அவை பூமியில் ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல என்பதையும் காட்டினார்கள். அமினோ அமிலம் பூமியின் காற்றில்தான் உருவாக வேண்டும் என்ற கட்டாயமே இதனால் தளர்ந்துவிட்டது. மீத்தேன் காற்று இல்லையென்றால் உயிரின் தோற்றக் கதையே இடிந்துவிடுமோ என்று கவலைப்படும் மாணவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி நடுக்காலம், அதாவது 400 கோடியிலிருந்து 250 கோடி ஆண்டுகள் வரை. இங்கே பெரிய புதிர் வெப்பம். அப்போதைய இளஞ்சூரியன் இன்றைய ஒளியில் ஏறத்தாழ 75 முதல் 82 சதவீதம்தான் தந்தது. இன்றைய காற்றை அப்படியே வைத்துக்கொண்டு சூரியனை அவ்வளவு குறைத்தால் கடல் உறைந்து கட்டியாகிவிடும். ஆனால் பாறைகளில் திரவக் கடலின் படிவுகள் இருக்கின்றன. 1972இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் மல்லனும் இதை எழுப்பியபோது தீர்வாகச் சொன்னது அம்மோனியா. அது புற ஊதாவில் தாங்காது என்று மேலே பார்த்தோம். இப்போது பெரும்பாலோர் ஏற்பது கரியமில வாயு, இன்றைய அளவைவிடப் பல மடங்கு, கூட மீத்தேன். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் 1981இல் ஒரு தானியங்கிக் கட்டுப்பாட்டை விளக்கினார்கள்: பூமி குளிர்ந்தால் மழையும் பாறைச் சிதைவும் குறையும், கரியமில வாயு கல்லுக்குள் போவது மந்தமாகும், எரிமலைகள் மட்டும் கக்கிக்கொண்டே இருக்கும், வாயு சேர்ந்து மறுபடி சூடாகும். சூடு கூடினால் எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும்.

கவனிக்க வேண்டியது, மீத்தேன் இங்கே திரும்பி வருகிறது. ஆனால் வேறு வழியில்: மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து. ஆக்சிஜன் இருக்கும் இன்றைய காற்றில் மீத்தேன் பத்து ஆண்டு அளவுக்கே தங்கும். ஆக்சிஜன் இல்லாத காற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். அதனால் இன்றைய அளவைப் போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு சேர்ந்திருக்க முடியும். கரியமில வாயுவோடு ஒப்பிட்டு மீத்தேன் கூடினால் சனியின் துணைக்கோளான டைட்டனில் இருப்பதுபோல ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் உருவாகும். சில காலங்களில் அப்படி வானம் மங்கியிருக்கலாம் என்பதற்குப் பாறைகளில் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் இரண்டு புத்தகங்களும் ஒரு வகையில் இந்தக் காலத்தில் சந்தித்துக்கொள்கின்றன: கரியமில வாயுவும் மீத்தேனும் சேர்ந்து இருந்த காலம். அம்மோனியா மட்டும் சேரவில்லை.

காற்றழுத்தம் எவ்வளவு? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் மீது மழை பெய்தது. துளி விழுந்த குழிகள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. மழைத்துளி எவ்வளவு வேகமாக விழும் என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. அடர்ந்த காற்றில் மெதுவாக விழும், குழியும் சிறிதாக இருக்கும். சஞ்சோய் சோமும் கூட்டாளிகளும் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலை எடுத்து, அதன் மேல் உயரத்திலிருந்து வெவ்வேறு அளவுத் துளிகளை விழவிட்டுக் குழிகளை அளந்து ஒப்பிட்டார்கள். 2012இல் வந்த முடிவு: அந்தக் காலத்துக் காற்றின் அடர்த்தி இன்றையதைவிட இரண்டு மடங்குக்கும் குறைவு. பிறகு 2016இல் அதே குழு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் கடல்மட்டத்தில் உறைந்த எரிமலைக் குழம்பைப் பார்த்தது. குழம்பின் மேல்பகுதிக் குமிழிகளைக் காற்று மட்டும் அழுத்தும். அடிப்பகுதிக் குமிழிகளைக் காற்றும் குழம்பின் எடையும் சேர்ந்து அழுத்தும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் காற்றழுத்தம் தெரிந்துவிடும். வந்த விடை, இன்றைய அழுத்தத்தில் பாதிக்கும் குறைவு. அப்படியானால் நைட்ரஜன் அப்போது இப்போதைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். ஆதி காற்று என்றாலே அடர்த்தியானது என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு இது பெரிய திருப்பம்.

ஆக்சிஜன் விஷயத்தில் இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போகின்றன, ஆதாரமும் மிகப் பலமானது. நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தின் பாபாபுடன் மலைப் பகுதியில், 250 கோடி ஆண்டுகளைவிடப் பழைய ஆற்றுக் கூழாங்கல் படிவுகளில் பைரைட், யுரேனினைட் (யுரேனியக் கனிமம்) துகள்கள் ஆற்றில் உருண்டு வந்த வடிவத்தில் கிடக்கின்றன. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். இன்றைய ஆற்றில் அது அவ்வளவு தூரம் உருண்டு வரும் முன்பே துருவாகிக் கரைந்துவிடும். அது பளபளப்பு மாறாமல் உருண்டு வந்திருக்கிறது என்றால் ஆற்றுநீரிலும் மேலே காற்றிலும் ஆக்சிஜன் இல்லை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க வயல் படிவுகளிலும் இதே கதைதான்.

அதைவிட நுட்பமான சாட்சி கந்தகம். கந்தகத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. சாதாரண வேதிவினைகள் அவற்றை எடைக்குத் தகுந்த விகிதத்தில்தான் பிரிக்கும். ஓசோன் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் கந்தக டை ஆக்சைடை உடைக்கும்போது மட்டும் அந்த ஒழுங்கு குலையும். ஃபார்குவார், பாவ், தீமன்ஸ் மூவரும் 2000ஆம் ஆண்டில் காட்டியது: பழைய பாறைகளில் இந்த ஒழுங்கின்மை நிறைய இருக்கிறது, 240 கோடி ஆண்டுகளை ஒட்டி மறைந்துவிடுகிறது. அது பாறையில் பதிவாக வேண்டுமென்றால் ஆக்சிஜன் இன்றைய அளவில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களான சயனோபாக்டீரியா தயாரித்த ஆக்சிஜன், எரிமலை வாயுக்களும் கடலில் கரைந்திருந்த இரும்பும் தின்றது போக மிஞ்ச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் காந்தம் ஒட்டும் கறுப்பு வரியும் வெள்ளை குவார்ட்ஸ் வரியுமாக மாறிமாறி வரும் இரும்புக்கல் இருக்கிறதே, அது அந்த ஆக்சிஜனற்ற கடலில் கரைந்து கிடந்த இரும்பு படிந்து, பின்னால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிய கல். ஒரு துண்டு கிடைத்தால் வகுப்பில் காந்தத்தோடு வைத்துக் காட்டலாம்.

ஒரு சின்ன விஷயம், பிள்ளைகள் யாரும் எதிர்பார்க்காதது. இன்றைய காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆர்கான். அதில் 99 சதவீதத்துக்கு மேல், பாறையில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம் சிதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெளியேறிச் சேர்ந்தது. ஆதி காற்றில் ஆர்கான் மிகச் சொற்பம்.

தேர்வைப் பற்றியும் கேட்பீர்கள். மில்லர் குடுவையில் என்ன வாயுக்கள் என்று வினா வந்தால் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. அதில் மாற்றம் இல்லை; அது நடந்த சோதனையின் விவரம். பொதுத் தேர்வில் ஆதி வளிமண்டலம் பற்றி வந்தால் பாடப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து நாம் விவாதம் நடத்த வேண்டாம். வகுப்பில் மட்டும், அது யூரியின் கருதுகோள் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். நுழைவுத் தேர்வு, ஒலிம்பியாட் பக்கம் போகிற பிள்ளைக்கு மேலே சொன்ன சிர்கான் கதையைச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, சென்னையில் காட்ட என்ன இருக்கிறது? உங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷனிலேயே இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பகுதியின் கருநீலப் பாறை சார்னோகைட். உலகத்துக்கே இந்த இனப் பாறையின் மாதிரி இடம், அதாவது முதலில் விவரிக்கப்பட்டு ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைக்கப்படும் இடம், நம் ஊர்தான். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்தார் (மேலே சொன்ன ஹாலந்து வேறு). பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதாவது காற்றில் ஆக்சிஜன் சேர்வதற்கு முன்னால் உருவான கல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கல் தரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் உருவானது. அப்போதைய காற்றை அது தொட்டதே இல்லை. இதன் குவார்ட்ஸ் மணிகளுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் திரவத் துளிகள் அடைபட்டிருக்கின்றன. குளிர்வித்தால் உறைந்து, மறுபடி சூடேற்றும்போது மைனஸ் 56.6 டிகிரியை ஒட்டி உருகுகின்றன. அது கரியமில வாயுவின் உருகுநிலை. பூமியின் ஆழத்தில் அந்தக் காலத்தில் கார்பன் எந்த உருவில் நடமாடியது என்பதற்கு நேரடிச் சாட்சி. ஆனால் அதை ஆதிகாலக் காற்றின் மாதிரி என்று சொல்லிவிடக் கூடாது. அந்த வாயு மேன்டிலிலிருந்து வந்ததா, வேறு பாறைகளிலிருந்து வந்ததா என்று நிலவியலாளர்களுக்குள் நீண்ட வாதம் உண்டு.

வெறும் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. உடைந்த சார்னோகைட் துண்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் சாம்பல் நீலமாக இருக்கும். நெடுநாள் வெயில்மழை பட்ட வெளிப்பக்கம் பழுப்பாக, சில மில்லிமீட்டர் தடிமனுக்குத் தோல்போல் படிந்திருக்கும். அந்தப் பழுப்பு, கல்லில் உள்ள இரும்பைக் காற்றின் ஆக்சிஜனும் மழைநீரும் சேர்ந்து துருவாக்கியது. 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காற்றில் இந்தப் பழுப்புத் தோல் உருவாகியிருக்காது. இரும்பு கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும். இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்து அந்த வித்தியாசத்தை விளக்கினால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

கூட்டிப்போவதாக இருந்தால் காலை வெயில் ஏறும் முன் போய் வாருங்கள். ராணுவ எல்லைக்குள்ளும் விமான நிலையச் சுவர்ப் பக்கமும் போக வேண்டாம். பழைய கல்குவாரிக் குட்டைகள் மிக ஆழம். கரையில் பிடிமானமும் இருக்காது. தண்ணீர் தெரிகிற இடத்துக்கே பிள்ளைகளை விடாதீர்கள். சாலையோரத்தில் வெட்டிய பாறை முகமே போதுமானது. அதுவும் முடியாவிட்டால், வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் ஜல்லியில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; இந்தப் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்ததென்றால் அதில் சார்னோகைட் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.